பனிக்குள் புதைந்த ஸ்கூட்டர்

ஜனவரி 7, 2026 — புதன்

விடிய ஐந்து மணிக்கே அவர் வேலைக்குப் போய்விட்டார். இரவெல்லாம் பனி கொட்டியிருக்கிறது. பிள்ளைகள் வருவதற்கு முன் பள்ளிக்கூட முற்றத்தைத் துப்புரவாக்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தின் கதவு, குழாய், விளக்கு, பனி எல்லாம் அவர் பொறுப்பு. மேசையில் வழக்கம்போல ஒரு துண்டுக் காகிதம். 'தேத்தண்ணி போத்தலுக்குள் இருக்கிறது. வழுக்கும், கவனமாகப் போங்கோ. — பிலேந்திரன்.'

மனைவிக்கு எழுதும் துண்டில் யாராவது முழுப்பெயரைப் போடுவார்களா? இவர் போடுவார்.

ஒஸ்லோவுக்கு வந்து எட்டு மாதம். எனக்கு நாற்பத்தேழு வயது, அவருக்கு ஐம்பத்தாறு. எனக்கு இது முதல் கலியாணம். அவருடைய முதல் மனைவி நோயில் இறந்து ஒன்பது வருடம். என் தங்கச்சி இமெல்டாதான் மன்னாரிலிருந்து போனில் பேசி எல்லாவற்றையும் முடித்தாள். மனிதரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடிப்பதில்லை, அதட்டுவதில்லை. 'சாப்பிட்டனீங்களோ?' 'குளிருதோ?' 'வகுப்பு எப்பிடி?' — இந்த மூன்று கேள்விகளோடு எங்கள் நாள் முடிந்துவிடும். நானும் மூன்று பதில் சொல்வேன். ஒரு வீட்டில் இரண்டு விருந்தாளிகள் தங்கியிருக்கிறோம். வீட்டுக்காரர் யார் என்றுதான் தெரியவில்லை.

மன்னாரில் நான் மிட்வைஃப், ஊருக்கெல்லாம் 'மிஸ்ஸி'. இருபத்திரண்டு வருடம் மணல் ஒழுங்கைகளில் ஸ்கூட்டர் ஓடிக் கர்ப்பிணி வீடுகளுக்குப் போனவள். இங்கே நொர்வேஜிய வகுப்புக்கு ரயிலில் நாலு தரிப்பு. நான் தனியாகப் போகும் ஒரே பயணம் அதுதான்.

ஜனவரி 11 — ஞாயிறு

நோரா பேர்கனிலிருந்து வந்திருந்தாள். அவருடைய மகள், இருபத்துநாலு வயது, அங்கே படிக்கிறாள். என்னை 'மலர் அன்ரி' என்பாள். பிந்திய நத்தார்ப் பரிசு என்று ஒரு கடித உறையை மேசையில் வைத்தாள். உள்ளே ஓர் அட்டை. இரண்டு பேருக்கு ஒரு நாள் ஸ்னோஸ்கூட்டர் ஓட்டம்.

வருடம் முழுக்கப் பனியைத் தள்ளுகிற தான் லீவு நாளிலும் அதற்குள் போய் விழுவதா என்று அவர் கேட்டார். நோரா விடவில்லை.

"அப்பா, நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டா எங்கையாவது போனனீங்களோ? குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்கு மரக்கறி வாங்கப் போனதைச் சொல்லாதேங்கோ."

அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் முன்னால் சிரிக்கக் கூச்சமாக இருந்தது.

ஸ்கூட்டர் என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது. நான் ஓடலாமோ என்று கேட்டேன். நோரா போனில் படம் காட்டினாள். சில்லே இல்லை. முன்னுக்கு இரண்டு சறுக்குப் பலகை, பின்னுக்கு புல்டோசருக்கு இருப்பதுபோல ஒரு பட்டி. அதற்கு இந்த நாட்டு லைசன்ஸ் வேண்டுமாம். அவருடைய பழைய லைசன்ஸில் அதற்கும் அனுமதி இருக்கிறது. என்னுடையது இங்கே செல்லாது.

"சரி, பின்னுக்கு இருக்கிறன்," என்றேன். எட்டு மாதமாக அங்கேதானே இருக்கிறேன்.

ஜனவரி 16 — வெள்ளி

சைபருக்குக் கீழே பதினாறு. மூக்குக்குள் மயிர் உறைந்தது. இப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜனவரி 20 — செவ்வாய்

மன்னார் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். என் நீண்ட விடுப்பு மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. திரும்பி வேலைக்கு வருவதா, விலகுவதா என்பதை மார்ச் பதினைந்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

அவர் நான் வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். கலியாணத்துக்கு முன் போனில் கேட்டார். 'ஓம், எழுதிக் குடுத்திட்டன்,' என்றேன். எழுதிக் கொடுத்தது உண்மைதான். விடுப்பு விண்ணப்பம்.

அது பொய்தானே?

பொய்தான். ஆனால் நாற்பத்தேழு வயதில், முகம் பார்த்துக் கதைத்திராத ஒரு மனிதரை நம்பி, திரும்பி வரும் வழியை அடைத்துவிட்டு யார் வருவாள்? இமெல்டாவுக்கு மட்டும் தெரியும். இன்று அவளைக் கேட்டேன், என்னடி செய்ய என்று. 'அந்தாளோட கதைச்சுப் பார் அக்கா,' என்றாள். என்ன கதைப்பது? குளிருதோ என்று கேட்பார். ஓம் என்பேன்.

போவதா, இருப்பதா. எனக்கே தெரியவில்லை.

ஜனவரி 29 — வியாழன்

வகுப்பால் வந்து பார்த்தால் கட்டிலில் கம்பளி உள்ளுடுப்பு மூன்று சோடி, மூன்று அளவு. என் அளவைக் கேட்க வெட்கப்பட்டு மூன்றையும் வாங்கி வைத்துவிட்டுக் குப்பை போடுகிறேன் என்று கீழே போய்விட்டார். அரை மணி நேரமாக ஆளைக் காணோம். நடுவில் உள்ளது பொருந்தியது.

பெப்ரவரி 6 — வெள்ளி

நாளைக்கு ஸ்னோஸ்கூட்டர். 'உங்களுக்கு விருப்பமில்லாட்டி விடலாம்,' என்று பின்னேரத்திலிருந்து மூன்று தரம் சொல்லிவிட்டார். உங்களுக்கு விருப்பமில்லையோ என்று கேட்டேன். அப்படியில்லை, உங்களுக்காகத்தான் என்றார். எனக்காகப் போகாமல் விடப் பார்க்கிறாரா, எனக்காகப் போகப் பார்க்கிறாரா? அது அவருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டி வைத்திருக்கிறேன். போகிறோம்.

பெப்ரவரி 8 — ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. கை தூக்க முடியாத நோவு. இன்று தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, அவர் சோபாவில் குறட்டை விட, நான் யன்னலோரம் இருந்து எழுதுகிறேன். ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும்.

காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டோம். வடக்கே நாலு மணி நேர ஓட்டம், சுவீடன் எல்லைப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு பண்ணை. சைபருக்குக் கீழே பதினொன்று, ஆனால் கண் கூசுகிற வெயில். வழிகாட்டி ஆன்ட்ரியாஸ், சிவப்புத் தாடிக்காரன், ஆளுக்கொரு தடித்த முழு உடுப்புத் தந்தான். அதைப் போட்டால் கையும் காலும் மடங்காது. ஹெல்மெட்டின் நாடிப் பட்டியை எனக்குப் பூட்டத் தெரியவில்லை. அவர் குனிந்து பூட்டிவிட்டார். விரல் என் கழுத்தில் பட்டதும் 'சொறி' என்று மன்னிப்புக் கேட்டார். புருஷன் மனைவியிடம் சொன்ன சொறி.

குச்சி நட்ட தடத்தை விட்டு விலகக் கூடாது, தடம்தான் இறுகிய பனி, இரண்டு பக்கமும் ஆளைப் புதைக்கும் என்று ஆன்ட்ரியாஸ் சொன்னான். அவன் முன்னுக்கு, அவனுக்குப் பின்னால் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு சோடி, கடைசியாக நாங்கள். பின்சீட்டில் பிடிக்க இரண்டு பக்கமும் கைபிடி இருந்தது. அவரைப் பிடிக்காமல் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பிடி ஐந்து நிமிடம்தான். ஒரு மேட்டில் ஏறி விழுந்ததும் நான் சீட்டை விட்டு எழும்பிப் போனேன். பிறகு யோசிக்க நேரமிருக்கவில்லை. அவருடைய இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். அவர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். தெரிந்துதான் கூட்டினார் என்று இப்போது சொல்கிறேன்.

பூர்ச்ச மரங்களெல்லாம் பனி உறைந்து நின்றன. அவற்றைத் தாண்டி மேலே ஏறினால் ஒன்றுமே இல்லை. மரமில்லை, வீடில்லை, வெள்ளை மட்டும். காற்று ஹெல்மெட்டுக்குள் கூவியது. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக எனக்குக் குளிர் ஞாபகம் வரவில்லை. ஒரு இறக்கத்தில் கத்தினேன். பயத்தில் இல்லை. முன்னாலிருந்து அவரும் ஏதோ கத்தினார்.

அவர் கவனமான ஓட்டுநர்தான், ஆனால் வளைவுகளில் மரக்கட்டைபோல நிமிர்ந்தே இருந்தார். நான் பின்னால் இருந்து சரிந்து சரிந்து வந்தேன். சொல்லலாமா? சொல்லவில்லை.

மத்தியானத்துக்குக் கிட்ட, தடத்தோரத்தில் ஒரு வெள்ளைப் பறவை படபடவென்று எழும்பியது. பனியே எழும்பிப் பறப்பதுபோல. "அங்கை பாருங்கோ," என்று அவர் கையை நீட்டினார். எனக்கு ஒன்றைக் காட்ட அவர் கை நீட்டியது அதுதான் முதல் தடவை. காட்டிய கையோடு ஸ்கூட்டரும் திரும்பிவிட்டது. இடது பலகை தடத்தை விட்டு இறங்கி, மெதுவாக, மிக மெதுவாக, முழு ஸ்கூட்டரும் சரிந்தது. நாங்கள் இருவரும் உருண்டு போனோம்.

பஞ்சு மூட்டையில் விழுந்ததுபோல இருந்தது. நோகவில்லை. முன்னால் போனவர்கள் மேட்டைத் தாண்டிவிட்டார்கள். இயந்திரம் நின்றதும் ஒரு சத்தமும் இல்லை.

அவர் நாலு காலில் தவழ்ந்து வந்தார். "மலர்... மலர், ஏதும் நடந்ததோ?" என் கையைத் தடவி, தலையைத் தடவி, முகக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். அவர் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. மற்றவர்களிடம் 'இவ' என்பார், என்னிடம் ஒன்றும் சொல்லாமலே கதையைத் தொடங்குவார். ஒன்றுமில்லை என்றேன். முகம் சிவந்துபோய்த் திரும்பிவிட்டார்.

இரண்டு பேருமாகத் தள்ளி ஸ்கூட்டரை நிமிர்த்தினோம். அவர் ஏறி முறுக்கினார். பட்டி சுழன்று பனியை வாரி இறைத்தது. பின்பக்கம் ஒரு முழம் கீழே போனது. இன்னும் முறுக்கினார். இன்னொரு முழம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மணலில் சில்லுப் புதைகிற அதே சத்தம்.

"நிப்பாட்டுங்கோ."

நான்தான் சொன்னேன். பிரசவ அறைக் குரல். ஒன்பது மாதமாக இந்த நாட்டில் யாரும் கேட்டிராத குரல். அவர் உடனே கையை எடுத்தார்.

"கூட முறுக்கினா கூடக் கீழதான் போகும். மணலும் இப்பிடித்தான். இறங்குங்கோ, முன்னுக்குப் பாதை போடவேணும்."

இறங்கினார். பனி இடுப்பளவு. பட்டிக்கு அடியில் இருந்ததை இரண்டு பேரும் கையாலேயே அள்ளி எறிந்தோம். பிறகு தடம்வரைக்கும் மிதித்து இறுக்க வேண்டும். தனித்தனியே மிதித்தால் விழுந்துவிடுகிறோம். தோளில் தோள் போட்டு, இடக்கால் வலக்கால் என்று நான் எண்ணிக்கை சொல்ல, சின்னப் பிள்ளைகள்போல மிதித்தோம். உடுப்புக்குள் வியர்த்து ஊற்றியது.

அவரை ஏறச் சொன்னேன். நான் பக்கத்தில் நின்று முன்பலகையின் வளையத்தைப் பிடித்தேன். நான் சொல்லும்போது மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. ஸ்கூட்டர் அசைந்தது. ஊர்ந்தது. தடத்தின் விளிம்பில் வந்து தயங்கியது. அவர் கையைத் தளர்த்தப் பார்த்தார், அங்கே தளர்த்தினால் எல்லாம் போச்சு. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது கத்தி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

"விடாதை பிள்ளை, விடாதை. இன்னும் கொஞ்சம்... கொஞ்சம்... வந்திட்டுது, வந்திட்டுது..."

வந்துவிட்டது. ஸ்கூட்டர் தடத்தில் ஏறி நின்றது. அவர் இயந்திரத்தை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். தலை மயிரிலிருந்து ஆவி பறந்தது. வலு கவலையான முகத்தோடு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மிஸ்ஸி, ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?"

நான் பனியிலேயே இருந்துவிட்டேன். சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது. அவரும் வந்து பக்கத்தில் இருந்து சிரித்தார். அவர் சிரிக்கும்போது மூக்கால் ஒரு சத்தம் வருகிறது. அது எனக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு இன்னும் சிரிப்பு. நிற்பாட்டுவோம், பிறகு ஒருவரையொருவர் பார்ப்போம், திரும்பவும் தொடங்கும்.

கடைசியாக அடங்கியதும் நான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. நான் வேலையை விடவில்லை, விடுப்பில்தான் வந்தேன், மார்ச்சுக்குள் முடிவு சொல்ல வேண்டும், உங்களுக்குப் பொய் சொன்னேன்.

அவர் கையுறையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினார். அப்படி ஏதோ இருக்கிறதென்று தனக்குத் தெரியும் என்றார். என் பெரிய பெட்டி இன்னும் பாதி அடுக்கினபடியே இருக்கிறதாம்.

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் போறன் எண்டு சொல்லியிருப்பியள்."

வெயில் பனியில் பட்டுத் தெறித்தது. அவர் என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்துச் சொன்னார்.

"போறதெண்டா நான்தான் எயார்போட்டுக்குக் கொண்டுபோய் விடுவன். மறிக்கமாட்டன்." கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். "ஆனா போகவேண்டாம், மலர். நீர் இரும்."

நீர் என்றார். இவ்வளவு நாளும் சொன்ன நீங்கள் இல்லை, புருஷன் மனைவிக்குச் சொல்கிற நீர்.

ஒன்பது மாதத்தில் இந்த மனிதர் எனக்கென்று எவ்வளவோ செய்திருக்கிறார். தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. கேட்கத் தெரியாதவர் என்று நினைத்திருந்தேன். யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினார். ரொட்டியைப் பிரித்தோம். உறைந்து கல்லாகிக் கிடந்தது. அப்படியே கடித்துத் தின்றோம்.

ஆன்ட்ரியாஸ் தேடிக்கொண்டு திரும்பி வந்தான். குழியைப் பார்த்தான், மிதித்த பாதையைப் பார்த்தான், யார் வெளியே எடுத்தது என்று கேட்டான். இவர் என்னைக் காட்டி நொர்வேஜியனில் கதைக்கத் தொடங்கினார். கதைத்தார், கதைத்தார். எனக்குப் பாதிதான் விளங்கியது. மருத்துவிச்சி, மணல், இருபத்திரண்டு வருடம். அவ்வளவு சொற்கள் அவருக்குள் எங்கே இருந்தன?

பண்ணைக்குத் திரும்பியதும் ஆன்ட்ரியாஸ் வேலி போட்ட ஒரு பயிற்சி வயலைக் காட்டினான். அதற்குள் ஓட லைசன்ஸ் தேவையில்லையாம், ஓடுங்கள் என்றான். நான் முன்னுக்கு. அவர் பின்னுக்கு. "மெதுவா, மெதுவா," என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மெதுவாகப் போகவில்லை. வளைவில் சரிந்தேன், "என்னோட சரியுங்கோ," என்று கத்தினேன், அவரும் சரிந்தார். ஏழு சுற்று. கை மரத்துப்போனது. இறங்க மனமில்லை.

வரும்போது நாலு மணி நேரமும் கதைத்தோம். நான் முதன்முதலில் தனியாகப் பார்த்த பிள்ளைப்பேற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் தன் முதல் மனைவியைப் பற்றிச் சொன்னார். என் முன் இறந்தவரைப் பற்றிக் கதைத்தால் எனக்கு நோகும் என்று இவ்வளவு நாளும் வாயைக் கட்டியிருந்தாராம். பெற்றோல் நிலையத்தில் பாணுக்குள் வைத்த சொசேஜ் வாங்கி, காருக்குள் இருந்து சாப்பிட்டோம். என் நாடியில் கடுகுச் சோஸ் ஒட்டியிருந்ததாம். துடைத்துவிட்டார். சொறி சொல்லவில்லை.

பெப்ரவரி 9 — திங்கள்

தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் அடிபட்ட கண்டல் ஒன்று. பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வருகிறது. வகுப்பில் ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டார்கள். நொர்வேஜியனில் சொல்ல முயன்றேன். 'என் கணவர் ஒரு ஸ்கூட்டரைப் பெற்றெடுத்தார்,' என்று வந்துவிட்டது.

மார்ச் 4 — புதன்

விலகல் கடிதத்தை அனுப்பிவிட்டேன். இருபத்திரண்டு வருடத்துக்கு நாலு வரி போதுமாயிருந்தது. அனுப்பிவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன்.

அவருக்காகத்தான் என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். அந்த வயலில் ஏழு சுற்று ஓடியபோது ஒன்று விளங்கியது. மன்னாரில் இருந்தவள் அங்கே நின்றுவிடவில்லை, என்னோடு இங்கே வந்துதான் இருக்கிறாள். அவளை நான்தான் பின்சீட்டில் இருத்தி வைத்திருந்தேன். மே மாதம் மொழிப் பரீட்சை இருக்கிறது. பாஸ் பண்ணினால் முதியோர் பராமரிப்புப் படிப்புக்குப் போகலாம் என்று ஆசிரியை சொல்கிறாள். பிறந்த பிள்ளையைப் பிடித்த கை, வயதானவர்களையும் பிடிக்கும்.

பின்னேரம் அவரிடம் சொன்னேன். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கோழியோடும் கத்தரிக்காயோடும் வந்து, "இண்டைக்கு நான் சமைக்கிறன், நீர் இரும்," என்றார். உப்புக் கூடிவிட்டது. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 15 — ஞாயிறு

பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது இவர் எங்களோடு கோயிலுக்கு வரும் சூசைரட்ணம் அண்ணைக்கு அந்த ஸ்கூட்டர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் குரலில், கையெல்லாம் காட்டி, 'விடாதை பிள்ளை' என்று. ஒரு மேசையே சிரித்தது. எட்டிக் கிள்ளினேன். இவர் இவ்வளவு கதைப்பாரோ என்று சூசைரட்ணம் அண்ணை என்னைக் கேட்டார். முந்தி இல்லை என்றேன்.

ஏப்ரல் 19 — ஞாயிறு

ஒரு மாதமாக இந்தக் கொப்பியைத் திறக்கவில்லை. இன்று கோபத்தில் திறந்தேன்.

சண்டை. சும்மா சண்டையில்லை. நான் மேயில் பரீட்சை எழுதமாட்டேன், அவசரம் இல்லை, கார்த்திகையில் எழுதலாம் என்று இவர் நோராவுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து அறையில்தான் நிற்கிறேன். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. நீங்கள் யார் அதை முடிவெடுக்க என்று கேட்டேன். நீர் கஷ்டப்படக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று சத்தம் போட்டார். நான் எப்பவாவது கஷ்டம் என்று சொன்னேனா என்று அதைவிடப் பெரிய சத்தம் போட்டேன். உமக்குப் பிடிவாதம் என்றார். ஓம், பிடிவாதம்தான் என்றேன். கதவை அடித்துச் சாத்திவிட்டு வெளியே போனார். நான் அவருக்காகக் காத்திருக்காமல் சாப்பிட்டேன். இறால் பொரியலை முழுக்க.

அந்த நேரம் பார்த்து இமெல்டா போன் எடுத்தாள். என் குரலைக் கேட்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"அந்தாள் உன்னை ஏசினவரோ?"

"ஓம்."

"நீ?"

"நானும்தான். நல்லா ஏசினன்."

அந்தப் பக்கம் விக்குவதுபோல ஒரு சத்தம். அழுகிறாளோ என்று நினைத்தேன். பார்த்தால் சிரிக்கிறாள். "அப்ப சரி அக்கா," என்று சொல்லிவிட்டுத் தன் மகளின் பள்ளிக்கூடக் கதையைத் தொடங்கிவிட்டாள்.

வெளியே தெருவில், வழுக்காமலிருக்கப் பனிக்காலத்தில் போட்ட சிறு கற்களைக் கூட்டி அள்ளும் வண்டி போகிறது. இவர் ஒரு மணி நேரத்தால் வந்தார். குசினிக்குள் போய் இறால் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். பிறகு வந்து எனக்கு எதிரே இருந்து, மாதிரி வினாத்தாளை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, கோபம் போகாத குரலில் முதல் கேள்வியை வாசித்தார்.

நானும் கோபம் போகாமலே பதில் சொன்னேன்.